காரை மண்ணில் ஒரு கடல்

பெரம்பலூர் மாவட்டம் காரையில் மழை அரித்த மண்மேடுகள், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடி. புவியியல் மாணவர்கள் கூட்டமாகப் போய் அங்கே புதைபடிவம் தேடுவார்கள். கிடைத்தது என்ன என்று சொல்வதில்தான் சிக்கல்.

துப்பாக்கித் தோட்டா போலக் கூரான கல்லா? கணவாயின் உறவான பெலம்னைட். உடைந்த முகத்தில் நடுவிலிருந்து கோடுகள் விரிந்தால் உறுதி.

சுருள் கண்டதும் அம்மோனைட் என்று துள்ளிவிட வேண்டாம். அம்மோனைட்டுக்குள் அறைகள் உண்டு. அறைச்சுவர் ஓட்டைத் தொடும் இடத்தில் நெளிநெளியாகக் கோடு தெரியும். அறையே இல்லாத சின்னச் சுருளா? அது பெரும்பாலும் கடற்புழு கட்டிய சுண்ணாம்புக் குழாய். காரையில் இது ஏராளம். அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள்; அம்மோனைட்டுக்கு இணையான பொக்கிஷம் அது என்பேன்.

இரட்டை ஓடு என்றால், பெரும்பாலும் இரண்டும் ஒன்றையொன்று பிரதிபலித்தால் மட்டி. ஒவ்வொரு ஓடும் தன் நடுக்கோட்டின் இருபுறமும் ஒத்திருந்தால் பிராக்கியோபாட். கிரைஃபியா போன்ற சிப்பிகள் இந்த விதிக்கு அடங்காது.

எடுத்த இடத்தையும் மண் அடுக்கையும் அங்கேயே எழுதிவிடுங்கள். அந்தக் குறிப்பில்லாத படிவம் ஆய்வுக்குப் பாதிகூடப் பயன்படாது. ஐயமிருந்தால், அரியலூர் அருகே வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.