செய்பவர் மறைந்த வாக்கியங்கள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே மரபு. இன்னும் சிறிது நேரத்தில் நம் குழந்தைகளின் நடனமும், அதன்பின் நாடகமும் நடைபெற இருக்கின்றன. இவற்றுக்கு முன்னே ஆங்கில இலக்கணம் பேச ஒருவர் வந்திருக்கிறாரே என்று நீங்கள் வியக்கக்கூடும். ஆனால், இக்காலனியில் வாழும் நம்மில் பெரும்பாலோர் கோப்புகளோடு உறவாடியே பிழைப்பவர்கள். நியமனம், மாற்றல், ஊதிய உயர்வு, குடியிருப்பு, ஓய்வூதியம் ஆகிய யாவும் ஆங்கில வாக்கியங்களாகவே நம் கைக்கு வந்து சேருகின்றன. அவ்வாக்கியங்களுள் ஒரு தனி வகை உண்டு. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நான் இந்நகரில் எழுத்தராகச் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அது 1978 ஆம் ஆண்டு. எனக்கு வழங்கிய படியில் ஏதோ மிகையாகிவிட்டது என்று ஒரு குறிப்பு எழுந்தது. அதன் கடைசி வரியில், மிகைத் தொகை 'மே பி ரிகவர்ட்' என்று இருந்தது. பள்ளியில் கற்ற ஆங்கிலத்தைக் கொண்டு, 'பிடித்தம் செய்யப்படலாம். செய்யப்படாமலும் போகலாம்' என்று பொருள் கொண்டு மகிழ்ந்தேன். மறுமாதச் சம்பளத்தில் முழுத் தொகையும் குறைந்தது. ஊரில் இருந்த அன்னைக்கு அம்மாதம் பாதிப் பணமே மணியார்டரில் சென்றது.

பிரிவில் மூத்தவரான தமிழர் ஒருவரிடம் முறையிட்டேன். "தம்பி, இது 'ஒருவேளை' என்னும் 'மே' அன்று. கீழே இருப்பவர் எழுதினால் பணிவான வேண்டுகோள், மேலே இருப்பவர் ஒப்பமிட்டால் கட்டளை" என்றார் அவர். அன்னைக்கு நிலையை விளக்கி எழுதினேன். அவர் பதில் எழுதுவித்தார்: "யார் பிடித்தார்கள்? அவரைப் பார்த்துச் சொல்லக் கூடாதா?" அக்கேள்விக்கு என்னால் விடை கூற இயலவில்லை. அந்த ஆங்கில வாக்கியத்தில் பிடிப்பவர் எவரும் இல்லை. பிடிபட்ட தொகை மட்டுமே இருந்தது.

அன்பர்களே, இவ்வகை வாக்கியத்தில் இரண்டு கூறுகள் இணைகின்றன. ஒன்று செயப்பாட்டு வினை. அது செயலையும் செயப்படுபொருளையும் முன்னிறுத்திச் செய்பவரைத் திரைக்குப் பின் அனுப்பிவிடும். மற்றொன்று 'ஷல்', 'மே', 'மஸ்ட்', 'ஷுட்' முதலிய துணைவினை. அச்செயல் கடமையா, அனுமதியா, அறிவுரையா என்பதை அதுவே உணர்த்தும். இரண்டும் சேரும்போது, செய்ய வேண்டியது என்ன என்பது தெரியும். செய்ய வேண்டியவர் யார் என்பது தெரியாமல் போகும். 'கீழே கையொப்பமிட்டவர் பணிக்கப்பட்டுள்ளார்' என்று தொடங்கும் அரசாங்கக் கடிதங்களை நாம் அறிவோம். யாரால் பணிக்கப்பட்டார் என்பதை அக்கடிதத்தின் இறுதிவரை தேடினாலும் காண இயலாது!

இதனால் இந்நடை முழுவதும் சூழ்ச்சி என்று எண்ணிவிட வேண்டா. சட்டம் என்பது ஒருவர் பெயரைச் சொல்லி எழுதப்படுவதன்று. பதவியில் இருப்பவர் மாறுவர், சட்டம் நிற்கும். ஆதலின் செயலை முன்வைத்து எழுதுவது அதற்கு இயல்பாகிறது. எனினும் ஒவ்வொரு துணைவினையும் எத்துணை எடையைச் சுமக்கிறது என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

நமக்கு மிக நெருங்கியதோர் எடுத்துக்காட்டைக் காண்போம். மத்திய அரசு ஊழியர்க்குரிய 1965 ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளின் 10 ஆம் விதி தற்காலிகப் பணிநீக்கத்தைப் பற்றியது. அதன் முதற் பகுதியில் செய்வினை இருக்கிறது: உரிய அதிகாரி ஓர் ஊழியரைத் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கலாம். இங்கே 'மே' என்பது அதிகாரம். அதைப் பயன்படுத்தியவர் இன்னார் என்று நாம் சுட்ட முடியும். இரண்டாம் பகுதியிலோ 'ஷல் பி டீம்ட்' என்னும் தொடர் வருகிறது. ஊழியர் ஒருவர் 48 மணி நேரத்துக்கு மேல் காவலில் இருந்தால், காவலில் வைக்கப்பட்ட நாள் முதல் அவர் பணிநீக்கத்தில் இருப்பதாகவே கருதப்படுவார். இங்கே எவரும் சிந்தித்து முடிவு செய்யவில்லை. கடிகாரம் முடிவு செய்கிறது. ஆணை பின்னால் வருகிறது. வீட்டில் அடுப்பெரிவது அச்சம்பளத்தாலேயே என்றால், இவ்விரு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாடு வெறும் இலக்கண வேறுபாடாகுமா?

இனி 'ஷல்' என்று வந்துவிட்டால் அது உறுதியான கடமை என்று நம்பலாமா? கைது செய்யப்பட்டவர் 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள குற்றவியல் நடுவர்முன் கொண்டுவரப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்பு கூறுகிறது. பயண நேரம் மட்டும் அதில் சேராது. அந்த 'ஷல்' மனிதரின் உடலுக்குக் காவலாக நிற்கும் இரும்புச் சொல். ஆனால் 320 ஆம் உறுப்பைப் பாருங்கள். ஊழியர்மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையம் 'ஷல் பி கன்சல்டட்', அதாவது கலந்தாலோசிக்கப்பட வேண்டும் என்று அங்கும் அதே 'ஷல்' இருக்கிறது. கலந்தாலோசனை முறைப்படி நடைபெறவில்லை என்று உத்தரப் பிரதேச அரசு ஊழியர் ஒருவர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1957 ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம், இந்த 'ஷல்' கட்டாயமானதன்று, வழிகாட்டும் தன்மையதே. அதில் நேர்ந்த குறையால் ஆணை செல்லாததாகிவிடாது என்று தீர்ப்பளித்தது. ஆணையத்தின் கருத்து அரசைக் கட்டுப்படுத்தாது என்பதும், சில பொருள்களில் கலந்தாலோசனையே வேண்டியதில்லை என்று விதி செய்யும் அதிகாரம் அதே உறுப்பில் உள்ளது என்பதும் அதற்குக் காட்டப்பட்ட காரணங்களுள் சில. ஆகவே சொல்லை மட்டும் பற்றிக்கொண்டால் போதாது. அச்சொல் மீறப்பட்டால் என்ன விளையும் என்பதையும் கேட்க வேண்டும்.

இதே அரசியலமைப்பின் 311 ஆம் உறுப்பு நம் போன்றோர்க்கு அரணாக அமைந்தது. அரசு ஊழியரை, அவரை நியமித்தவருக்குக் கீழ்ப்பட்ட அதிகாரி எவரும் பணியிலிருந்து நீக்குதல் ஆகாது என்பது அதன் கருத்து. ஆங்கிலத்தில் இதுவும் செயப்பாட்டு வாக்கியமே. ஆயினும் 'யாரால்' என்பது இங்கே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஒரு சிறு சொல்லால் எத்தனையோ ஆணைகள் நீதிமன்றங்களில் வீழ்ந்திருக்கின்றன. 'ஆல்' என்னும் நம் மூன்றாம் வேற்றுமை உருபு ஒரு குடும்பத்தைக் காக்கவும் வல்லது!

இதுவரை செய்பவர் மறைவதால் நேரும் இடரையே கூறினேன். மறுபக்கமும் உண்டு, அதுவே என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது.

அரசியலமைப்பின் 15 ஆம் உறுப்பின் முதற் பகுதி, அரசு வேறுபாடு காட்டுதல் ஆகாது என்று எழுவாயைப் பெயர் சொல்லி அழைக்கிறது. இரண்டாம் பகுதியில் அவ்வெழுவாய் இல்லை. சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் காரணமாகக் காட்டிக் கடைகளிலும், உணவு விடுதிகளிலும், பொதுக் கிணறுகளிலும், குளங்களிலும் எந்தக் குடிமகனும் தடைக்கு உட்படுத்தப்படுதல் ஆகாது என்கிறது அது. யாரால் என்று கூறவில்லை. ஏன்? கிணற்றங்கரையில் தடுப்பவர் அரசாங்கம் அல்லர், ஊரார். உணவு விடுதியில் தனிக் குவளை வைப்பவர் அமைச்சர் அல்லர், கடைக்காரர். செய்பவர் பெயரைச் சொல்லியிருந்தால் சொல்லப்படாதவர் தப்பியிருப்பார். சொல்லாமல் விட்டதால் எவரும் தப்ப இடமில்லை. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தை எதுவும் தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ வேலைக்கு அமர்த்தப்படுதல் ஆகாது என்னும் 24 ஆம் உறுப்பும் அத்தகையதே. முதலாளி தனியாராயினும் அரசாயினும் குழந்தைக்கு வேறுபாடு உண்டோ?

எவருடைய உயிரும் உரிமையும் சட்டம் வகுத்த நெறியாலன்றிப் பறிக்கப்படுதல் ஆகாது என்னும் 21 ஆம் உறுப்பிலும் பறிப்பவர் யார் என்பது இல்லை. அரசை மட்டுமே அது குறிக்கிறதா, மற்றவரையும் தடுக்கிறதா என்னும் வினா நெடுங்காலம் நின்றது. 2023 ஆம் ஆண்டு சனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, 19, 21 ஆம் உறுப்புகளின் உரிமைகளை அரசு அல்லாதவர்க்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று பெரும்பான்மையாகத் தீர்ப்பளித்தது.

இனி நம் மொழிக்கு வருவோம். ஒருவர் திண்ணையை மெழுக, திண்ணை தானே மெழுகியது போலச் சொல்லும் வழக்கைத் தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் அறிந்திருக்கிறது. ஆகவே செய்பவரை விலக்கிப் பேசுதல் நமக்குப் புதிதன்று. எனினும் வீட்டில் நாம் 'படு' என்னும் துணைவினையை இவ்வாறு அடுக்கிப் பேசுவதில்லை. 'உன்னால் விளக்கு ஏற்றப்பட வேண்டும்' என்று எந்தத் தாயும் மகளிடம் கூறமாட்டாள். சட்டத்தைத் தமிழாக்கும்போதோ இடர்ப்பாடு வருகிறது. 'குற்றவாளி தண்டிக்கப்பட வேண்டும்' என்பது பொதுக்கூட்டத்தில் எழும் முழக்கமாகவும் இருக்கலாம். நீதிபதியின்மீது சட்டம் சுமத்தும் கடமையாகவும் இருக்கலாம். 'செய்யப்படலாம்' என்பதில் அனுமதியும் ஐயமும் ஒன்றாய்க் கலந்திருக்கின்றன. மறுக்கும் இடத்தில் மட்டும் தமிழ் ஓங்கி நிற்கிறது. 'ஆகாது' என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஐயத்துக்கு இடமில்லை.

ஆங்கிலத்தாரும் வாளா இருக்கவில்லை. 'ஷல்' பல பொருள் தந்து குழப்புகிறது என்று கண்டு, தென்னாப்பிரிக்கா 1996 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் கடமையைக் குறிக்க 'மஸ்ட்' என்னும் தெளிந்த சொல்லையே ஆண்டது. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் நடைமுறை விதிகளும் 2007 ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்டபோது 'ஷல்' அவற்றினின்று அகற்றப்பட்டது. நம் நாட்டில் 1860 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் நீங்கி, 2024 சூலை 1 முதல் பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறியது, கொலைக்குரிய பிரிவில் 'ஷல் பி பனிஷ்ட்' என்னும் தொடர் மாறவில்லை.

ஆகவே, இளைஞர்களே, ஒரு கடிதமோ அறிவிப்போ உங்கள் கைக்கு வந்தால் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதைச் செய்ய வேண்டியவர் யார்? செய்தே தீர வேண்டுமா, செய்யலாமா? செய்யாவிட்டால் விளைவு என்ன? விடை தெரியவில்லையெனில், கூச்சமின்றி எழுதிக் கேளுங்கள். நீங்கள் எழுதும் இடத்தில் இருந்தால், அன்பு கூர்ந்து 'யாரால்' என்பதை எழுதுங்கள். உங்கள் ஒரு வரியால் தொலைவில் உள்ள ஓர் அன்னையின் கையில் பாதிப் பணம் சேரக்கூடும். அவர் காரணம் கேட்பார்.

என் அன்னை இன்று இல்லை. அவர் எழுத்தறியாதவர், அஞ்சல்காரரைக் கொண்டே கடிதம் எழுதுவித்தார். ஆயினும், இத்தனை ஆண்டுக் கோப்புப் பணியில் நான் கற்ற வினாக்களுள் சிறந்தது அவர் கேட்டதே: 'யார் பிடித்தார்கள்?'