வேலிக்கு மேலும் ஒரு வேலி
(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)



பட்டம் ஏற்றுவதில் நம்மவர்க்குள்ள பித்து ஊரறிந்தது. தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே கூடும் சனத்திரளே அதற்குச் சாட்சி. இன்று அந்த ஆசை நூலில்லாத பட்டமொன்றின் மேற் சென்றிருக்கின்றது. ட்ரோன் எனப்படும் அச்சிறு விமானத்தை விரும்பும் இளைஞருள் நாமும் சேர்ந்தவர்களே. விரும்புவதனாலேயே அதன் ஒழுங்கைப் பற்றிச் சில வார்த்தை பேசத் துணிந்தோம்.

பட்டத்துக்கு நூலுண்டு, அதன் மறுமுனையில் நிற்பவன் யாரென்பதை ஊர் அறியும். ட்ரோனை ஏவியவனோ நான்கு வளவுக்கு அப்பால், மதிலின் பின்னே நிற்கலாம். மேலும், பட்டத்துக்குக் கண்ணில்லை. ட்ரோனுக்குக் கமரா உண்டு. சட்டத்தின் கவலையும் அயலவரின் மனக்குறையும் இவ்விரு வேறுபாடுகளிலிருந்தே பிறக்கின்றன.

சட்டத்தின் பார்வையில் ட்ரோன் விளையாட்டுப் பொம்மையன்று. அதுவும் ஒரு விமானமே. நம் நாட்டிலே சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ட்ரோன்களை எடைக்கேற்ப வகுத்து, பதிவையும் அனுமதியையும் விதித்திருக்கின்றது. 2019 ஏப்ரலில், உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின், நாடெங்கும் ட்ரோன் பறப்பு நிறுத்தப்பட்டதை நாம் அறிவோம். விதிகள் காலத்துக்குக் காலம் மாறுவன. ஆகவே பறக்கவிடுமுன் விசாரித்து அறிவது நம் கடமை. பலாலி விமான நிலையத்துக்கு அயலில் வாழ்வோர்க்கு இக்கடமை இரட்டிப்பாகும். 2018 டிசம்பரில் இலண்டன் கற்விக் விமான நிலையத்தருகே ட்ரோன் கண்டதாக எழுந்த செய்தியினால் ஏறக்குறைய 1,000 விமானப் பயணங்கள் குழம்பின. சுமார் 1,40,000 பயணிகள் அல்லலுற்றனர்.

இனி அயலவர் பக்கம் பார்ப்போம். நம் வளவுக்கு மேலுள்ள வானம் யாருக்குச் சொந்தம்? அமெரிக்காவின் வட கரோலினாவிலே கோழி வளர்த்த கோஸ்பி என்னும் குடியானவர் இக்கேள்வியுடன் வழக்குத் தொடுத்தார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இராணுவ விமானங்கள் அவருடைய நிலத்துக்கு 83 அடி உயரத்திலே பறந்தன. மிரண்ட கோழிகள் சுவரில் மோதி மடிந்தன. அவர் தொழிலே அழிந்தது. 1946இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: நிலத்தவனுக்கு வானம் முழுவதும் சொந்தமன்று, ஆயினும், நிலத்தை அனுபவிப்பதற்கு வேண்டிய அளவு வானம் அவனுடையதே. கோழிப் பண்ணைக்கு உரைத்த இந்த நியாயம் நம் கிணற்றடிக்கும் பொருந்தாதா? நம் முன்னோர் கிடுகு வேலி அடைத்தது மாடு புகாமைக்கு மட்டுமோ? பெண்கள் குளிக்கும் கிணற்றடி பிறர் கண்ணிற் படாமைக்காகவும் அன்றோ? அந்த வேலி வானத்தை மறைக்காது. மேலேயுள்ள வேலியை நம் மனத்திலேதான் அடைக்கவேண்டும்.

மற்றொன்றும் உண்டு. அதைச் சொல்லாமல் விடுதல் முறையன்று. 2009இல் முடிந்த போரின்போது வன்னியிலே வானத்தில் சுற்றிய வேவு விமானத்தைச் சனங்கள் 'வண்டு' என்று அழைத்தார்கள். அதன் இரைச்சலுக்குப் பின் என்ன வரும் என்று அஞ்சிப் பதுங்கு குழிக்குள் இருந்தவர்கள் இன்று நம் அடுத்த வீட்டில் இருக்கிறார்கள். நமக்கு விளையாட்டாக ஒலிப்பது அவர்களுக்கு அவ்வாறு ஒலிப்பதில்லை. எந்த அனுமதிப் பத்திரமும் இந்த அச்சத்தை நீக்காது. முன்கூட்டிச் சொல்லும் ஒரு வார்த்தை ஓரளவாவது நீக்கும். "ஆச்சி, பின்னேரம் வெளியிலை ஒரு சின்ன ட்ரோன் ஏத்தப்போறம், சத்தம் கேட்டால் பயப்படாதேங்கோ" என்று படலையடியில் நின்று சொல்ல எவ்வளவு நேரம் செல்லும்? அவர் வேண்டாமென்றால் வேறிடம் போவதால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

ஆதலால், தோழர்களே, நமக்குள்ளே சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொள்வோம். வீடுகளுக்கு மேலன்றி வெட்டவெளியிலே பறக்கவிடுவோம். நம் கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு அப்பால் அனுப்பாதிருப்போம். தேர்த்திருவிழாவைப் படம் பிடிக்கும் ஆசையில் சனக்கூட்டத்தின் தலைக்கு மேலே செலுத்தாதிருப்போம். மின்கலம் தீர்ந்தால் அது விழுவது யார் தலையிலோ? செத்தவீடு நிகழும் ஒழுங்கையை விட்டு விலகுவோம். பிறர் முற்றம் தவறிப் படத்தில் விழுந்தால், அவரிடம் காட்டி, அவர் கண்முன்னே அழிப்போம்.

சட்டம் உயரத்தை அடிக்கணக்கில் அளந்து தரலாம். அயலவரின் நிம்மதியை அளந்து தர அதனால் இயலாது. அந்த அளவு நமக்குத் தெரியுமானால், வானம் நமக்கும் அவர்களுக்கும் போதிய விசாலமுடையதே.