ஓட்டு எண்ணிக்கையும் சங்கத்தின் நாணயமும்

(திருநின்றவூரில் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



சங்கத் தேர்தல் முடிந்த இரவில் கிராமங்களில் எழும் பேச்சைத் தாங்கள் அறிவீர்கள். "ஓட்டுப் போட்டவர் நாம்; எண்ணியவர் அதிகாரி; ஜெயித்தவர் யாரோ" என்று திண்ணைதோறும் முணுமுணுப்பார்கள். பிறகு தவணை கட்ட வருவோர் தொகை குறையும். சந்தேகம் மெய்யோ பொய்யோ, சங்கத்திற்கு நேரும் நஷ்டம் மெய்யே. ஆகவே, அத்தகைய சந்தேகம் பிறந்தால் செய்யத்தக்கது யாது என்று ஆலோசிப்போம்.

சந்தேகமெல்லாம் வீண் என்று தள்ளுவதற்கில்லை. 2024-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி சண்டிகார் நகரில் மேயர் தேர்தல் நடந்தது. பதிவான ஓட்டுகள் 36. மனோஜ் சோன்கருக்கு 16, குல்தீப் குமாருக்கு 12, செல்லாதவை 8 என்று தேர்தலை நடத்திய அனில் மஸீஹ் அறிவித்தார். ஆனால் அவர் சீட்டுகளில் பேனாவால் குறியிட்டதைக் காமிரா படம் பிடித்திருந்தது. சுப்ரீம் கோர்ட்டார் அச்சீட்டுகளை வரவழைத்துத் தாமே பார்வையிட்டனர். எட்டும் குல்தீப் குமாருக்கு இடப்பட்ட நல்ல ஓட்டுகளே என்றும், அதிகாரி வேண்டுமென்றே அவற்றைக் கெடுத்தார் என்றும் கண்டு, பிப்ரவரி 20-ஆம் தேதி குல்தீப் குமாரே மேயர் எனத் தீர்ப்பளித்தனர். இருபத்தொரு நாளில் நியாயம் கிடைத்ததன் காரணம், சீட்டும் படமும் சாட்சி கூறியதே.

நம் ராஜ்யத்து விவகாரம் ஒன்றையும் கேளுங்கள். 2016-ல் திருநெல்வேலி ஜில்லா ராதாபுரம் சட்டசபைத் தொகுதியில் அப்பாவுவை இன்பதுரை 49 ஓட்டு வித்தியாசத்தில் வென்றதாக அறிவிக்கப்பட்டது. தள்ளப்பட்ட 203 தபால் ஓட்டுகளைக் குறித்து அப்பாவு வழக்குத் தொடர்ந்தார். அவற்றிற்குச் சான்றளித்தவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்பதே தகராறு. 2019 அக்டோபரில் சென்னை ஹைக்கோர்ட்டு உத்தரவின்படி மறு எண்ணிக்கை நடந்தது. முடிவை வெளியிடலாகாது என்று சுப்ரீம் கோர்ட்டு தடுத்தது. 2021-ல் அந்தச் சட்டசபையின் ஆயுளே முடிந்துவிட்டது. எண்ணும் மேஜையில் தீராத ஐயம் எவ்வளவு தூரம் நடக்கும் பாருங்கள்!

இவ்விஷயத்தில் நம் முன்னோர் வெகு ஜாக்கிரதையாக இருந்தனர். முதற் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 921-ல், வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டு குடவோலை முறையை விவரிக்கிறது. அது ஓட்டு அன்று, குலுக்கலே; எனினும் அதன் ஒழுங்கு நமக்குப் பாடமாகும். குடத்தை எல்லோரும் காணத் தூக்கிப் பிடிக்கவேண்டும். உள்ளிருப்பதை அறியாத சிறுவனே ஓலையை எடுக்கவேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்த உள்ளங்கையில் ஏற்று வாசிக்கவேண்டும். கூடியிருந்த நம்பிமாரும் அதனை வாசிக்கவேண்டும். மத்தியஸ்தனைத் திருடன் என்று எவரும் கருதியதால் அன்று. அவன் மீது பழி வராதிருக்கவே இவ்வேற்பாடு.

நாமும் அவ்வாறே செய்வோமாக. ஓட்டுப் பதிவுக்கு முன் பெட்டி காலியென்று இரு கட்சியாரும் பார்க்கட்டும். எண்ணும்போது இரு கட்சி ஏஜெண்டுகளும் இறுதிவரை அமர்ந்திருக்கட்டும். தள்ளப்படும் ஒவ்வொரு சீட்டையும் அவர்களுக்குக் காட்டிக் காரணத்தை எழுதட்டும். ஐயமிருந்தால், முடிவு கூறுமுன்னரே மறு எண்ணிக்கை வேண்டுமென்று எழுத்து மூலம் கேட்கவேண்டும். அதன் பின்னும் குறையிருப்பின், சட்டம் குறித்த கெடுவுக்குள் மனுச் செய்யவேண்டும். பெட்டியை உடைப்பதும், அதிகாரியை வைவதும், தவணையை நிறுத்துவதும் சாட்சியாகா. உள்ள சாட்சியையும் அவை அழித்துவிடும்.

நமக்குச் சமீபத்திலுள்ள திரூரில் 1904-ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. ஏழைக் குடியானவரின் வாக்கை நம்பிப் பணம் கொடுப்பதே அவ்வியக்கத்தின் உயிர். வாக்கை நம்பும் சங்கத்தில் வாக்குச்சீட்டை நம்ப முடியாமற் போகலாமா? யோக்கியமான அதிகாரி விரித்த கைக்கு அஞ்சமாட்டார். கையை மூடுபவரிடம் காரணம் கேட்பது அங்கத்தினர் ஒவ்வொருவரின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும்.