கைவேலையும் கண்பார்வையும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் மேடையேறினால் நீரிழிவையும் இரத்த அழுத்தத்தையும் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று அவற்றுக்கு விடுமுறை. நாம் பேச வந்தது கைவேலை பற்றி.

நாம் படித்த காலத்தில் கணிதமும் விஞ்ஞானமும் பெரிய பாடங்கள். தையலும் சித்திரமும் சும்மா பொழுது போக்கும் பாடங்கள் என்றே பல வீடுகளில் சொன்னார்கள். ஆனால் கையால் இட்ட தையலுக்கு உலகம் கொடுக்கும் விலையைப் பாருங்கள். பாரிசிலுள்ள லெசாஜ் என்ற பூவேலை நிலையத்தை 2002இல் ஷனெல் நிறுவனம் வாங்கியது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் பிரான்சுவா லெசாஜ் 1993இலேயே சென்னைக்கு வந்து, வஸ்த்ரகலா என்ற பெயரில் ஒரு பூவேலைக் கூடத்தைத் தொடங்கிவிட்டார். வரைபடம் பிரெஞ்சு, ஊசி பிடிப்பது நம்மவர் கை. அங்கே தைத்த திரைகளும் சுவர்த் துணிகளும் ஐரோப்பிய மாளிகைகளுக்குப் போகின்றன. 2023 மார்ச் 30ஆம் திகதி டியோர் நிறுவனம் மும்பையில், கேட்வே ஒஃப் இந்தியாவின் முன்னால் தன் ஆடைக் காட்சியை நடத்தியதும் அங்குள்ள பூவேலைக்காரரின் திறமையை முன்வைத்துத்தான்.

இந்த ஆசை புதிதல்ல. சோழமண்டலக் கரையிலிருந்து போன சித்திரப் பருத்தித் துணிகளைப் பிரெஞ்சு மக்கள் வாங்கிக் குவித்தார்கள். தன் நாட்டு நெசவாளர் பிழைக்க வேண்டும் என்று அந்த அரசு 1686இல் அத்துணிகளையே தடை செய்தது. தடை நீங்கியது 1759இல். எழுபத்து மூன்று வருடங்கள் ஓர் அரசை அஞ்ச வைத்த அந்தத் துணிகளைத் தீட்டியவர்களில் ஒருவரின் பெயரையாவது நாம் கேட்டிருக்கிறோமா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை வீதியில் சிறிது தூரம் போனால் அலுவிகாரை. வாய்மொழியாக வந்த பௌத்த திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பட்ட இடம் என்று நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்தோம். அதே அலுவிகாரையில் 1922இல் பிறந்தவர் ஈனா த சில்வா. அவருடைய தந்தை, பொலிஸ் மா அதிபராக இருந்த முதல் இலங்கையரான சேர் ரிச்சர்ட் அலுவிகாரை. 1960களில் ஈனா அம்மையார் பத்திக் வேலையைக் கையில் எடுத்தார். பத்திக் இந்தோனேசியாவின் கலை. உருக்கிய மெழுகால் துணியில் வரைந்து, சாயத்தில் தோய்த்து, காயவைத்து, மறுபடி மெழுகிட்டு, இளம் நிறத்திலிருந்து கடும் நிறத்துக்குப் போவார்கள். கடைசியில் கொதிநீரில் மெழுகைக் கழற்றுவார்கள். அந்த முறையைக் கண்டி நாட்டுக் கொடிகளின் நிறத்தோடும் கோலத்தோடும் சேர்த்து, அதை அவர் இலங்கைக் கலையாகவே ஆக்கினார். கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கட்டிய பெந்தோட்டைக் கடற்கரை ஹோட்டலின் முன்மண்டபக் கூரையை அவருடைய பத்திக் துணிகள்தான் அலங்கரித்தன. உல்லாசப் பயணிகள் அண்ணாந்து பார்த்த அந்தக் கூரை நம் நாட்டுக் கைவேலைக்கு ஒரு விளம்பரப் பலகை போலவே இருந்தது.

1980களின் தொடக்கத்தில் பொதுநலவாய அமைப்பின் ஆலோசகராக பிரித்தானிய வெர்ஜின் தீவுகளுக்குப் போய், அங்குள்ளவர்களுக்கும் கைப்பணி கற்றுக் கொடுத்தார். பிறகு சொந்த ஊருக்குத் திரும்பி, மாத்தளை மரபுரிமை நிலையத்தில் கிராமத்துப் பெண்களுக்கு பத்திக், பூவேலை ஆகியவற்றோடு வருமானத்துக்கும் வழி காட்டினார். 2015இல் மறையும்வரை அலுவிகாரைதான் அவருடைய வீடு.

நம் மாவட்டத்தின் இன்னொரு செல்வம் ஹப்புவிடக் கிராமத்தின் அரக்கு வேலை. அரக்கைச் சூட்டில் இளக்கி, நூல்போல இழுத்து, மரத்தின்மேல் சுற்றி, பெருவிரல் நகத்தால் வெட்டிக் கோலம் போடுவார்கள். சிங்களத்தில் அதற்கு ‘நியபொத்து வெட’, அதாவது நக வேலை, என்று பெயர். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1908இல் வெளியிட்ட மத்தியகால சிங்களக் கலை பற்றிய நூலில் இத்தகைய தொழில்களையெல்லாம் விரிவாகப் பதிந்து வைத்தார்.

சிநேகிதிகளே, வடிவமைப்பாளர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. புதிய கண் ஒன்று பார்க்காவிட்டால் பழைய தொழில் அருங்காட்சியகத்துக்குள் போய்விடும். ஈனா அம்மையார் வந்திராவிட்டால் அலுவிகாரையில் அந்தப் பெண்களின் கைக்கு வேலை எங்கிருந்து வந்திருக்கும்? ஆனால் வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளில் வடிவமைத்தவர் பெயர் இருக்கிறது. செய்த பெண்ணின் பெயர் இல்லை. அவளுக்குக் கூலி உண்டு. ஓய்வூதியம் இருப்பது அரிது. இதைப் பேசாமல் கைவேலையின் பெருமையை மட்டும் பேசுவது அரைப் பேச்சு.

இங்கேதான் வைத்தியருக்கும் வேலை வருகிறது. நாற்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வெள்ளெழுத்து வரும். இந்தச் சபையிலும் பலர் விழா நிகழ்ச்சி நிரலைக் கையை நீட்டிப் பிடித்துப் படிப்பதைப் பார்க்கிறோம்! நமக்கு அது சிரிப்பு. ஊசியால் பிழைப்பவளுக்கு அது வேலை போவதன் முதல் அறிகுறி. கை பழுத்து, அனுபவம் நிறைந்து நிற்கும் வயதில்தான் கண் பின்வாங்குகிறது. “இனி எனக்கு ஏலாது” என்று அவள் ஒதுங்கினால் அவளோடு தொழிலும் ஒதுங்கிவிடும்.

மருந்தோ சத்திரசிகிச்சையோ தேவையில்லை. கிட்டப் பார்வைக் கண்ணாடி ஒன்று போதும். அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளரிடம் ஓர் ஆய்வு நடந்தது. கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்து, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 சதவீதம் கூடியது. 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் அது வெளியானது. கொழுந்துக்கே அவ்வளவு என்றால் ஊசி நூலுக்கு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். தோட்டங்களிலிருந்து வந்து இங்கே படித்த நமக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே நூற்றாண்டு நினைவாக இரண்டு காரியங்களைச் சங்கத்தின்முன் வைக்கிறோம். முதலாவது, மாவட்டத்தின் கைப்பணிப் பெண்களுக்கும் தோட்டத்துப் பெண்களுக்கும் ஆண்டுதோறும் ஒரு கண் பரிசோதனை முகாம், கையோடு மூக்குக்கண்ணாடி. பரிசோதிக்க நம் மாணவிகளில் வைத்தியர்கள் இருக்கிறார்கள். செலவைப் பகிர ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் நம் சகோதரிகள் இருக்கிறார்கள். இரண்டாவது, பரிசுக்கும் வீட்டுக்கும் நாம் கைவேலை வாங்கும்போது “இதைச் செய்தவர் யார்?” என்று கடையில் கேட்போம். வாங்குபவர் கேட்கத் தொடங்கினால் விற்பவர் எழுதத் தொடங்குவார்.

இந்தப் பாடசாலை நமக்கு எழுத்தைத் தந்து, பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட வைத்தது. பெயரே போடப்படாத பெண்களுக்கு நாம் இவ்வளவாவது செய்வோம்.