பெத்லகேமின் துணியும் ஆரணியின் பட்டும்

கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஆரணி, பட்டால் பெயர் பெற்ற ஊர். 1853ஆம் ஆண்டில் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய ஆற்காடு மிஷன், இவ்வூரையும் தன் பணிக்களங்களுள் ஒன்றாகக் கொண்டது. ஆதலின், லூக்கா எழுதிய கிறித்து பிறப்பு வரலாறு, தறியோசைக்கு நடுவே இங்கு நெடுங்காலமாக வாசிக்கப்பட்டு வருகிறது. பிற ஊர்களில் எளிதாகக் கடந்து செல்லப்படும் ஒரு சொல், நெய்வோர் வாழும் ஊரில் வாசிப்பவரை நிறுத்திவிடுகிறது. அச்சொல் 'துணி' என்பதாகும்.

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தில் துணி இருமுறை வருகிறது. ஏழாம் வசனத்தில் தாய் தன் தலைமகனைத் துணியில் சுற்றிக் கால்நடைகளின் தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள். பன்னிரண்டாம் வசனத்தில் அதே துணி, இடையர்களுக்கு வானதூதன் கூறும் அடையாளமாகிறது. மத்தேயு சொல்லும் விண்மீன் ஞானிகளுக்கு வழிகாட்டியது. இரவில் ஆடு காத்தவர்க்கோ துணி சுற்றிய ஒரு குழந்தையே அடையாளமாகக் கிடைத்தது.

தமிழ்க் கீர்த்தனைகள் பல இத்துணியைக் 'கந்தை' என்று பாடும். பக்தியின் உருக்கம் அச்சொல்லைத் தேர்ந்தது. ஆனால் கிரேக்க மூலத்தில் கந்தை என்ற பொருள் இல்லை. பிறந்த குழந்தையின் உடலைச் சுற்றிக் கட்டும் துணியையே அது குறிக்கிறது. அரசர் வீட்டுக் குழந்தைக்கும் அது உண்டு. சாலமோனின் ஞானம் என்னும் நூலின் ஏழாம் அதிகாரத்தில், தானும் அவ்வாறே துணியில் பொதிந்து வளர்க்கப்பட்டவன் என்று மன்னனே கூறுகிறான்.

அங்ஙனமாயின் அத்துணி எதற்கு அடையாளம்? விடை எசேக்கியேல் நூலின் பதினாறாம் அதிகாரத்தில் கிடைக்கிறது. பிறந்த நாளிலேயே வெளியில் எறியப்பட்ட ஒரு பெண் குழந்தையை அங்கே இறைவாக்கினர் காட்டுகிறார். அதன் தொப்புள்கொடியை அறுப்பாரில்லை; நீராட்டுவாரில்லை; துணியில் சுற்றுவாரும் இல்லை. எருசலேம் நகரின் உருவகம் அக்குழந்தை. துணி இல்லாமை ஏழ்மையை அன்று, கைவிடப்பட்ட நிலையையே அங்குக் குறிக்கிறது. எனவே பெத்லகேமின் துணி, இக்குழந்தை கைவிடப்படவில்லை, இதனைத் தனதென்று ஏற்க ஒருவர் உண்டு என்பதன் சான்றாகும்.

இக்கருத்து தமிழுக்கும் புதிதன்று. பிள்ளைத்தமிழின் முதற்பருவம் காப்பு. செங்கீரையும் தாலும் முத்தமும் பின்னரே வரும். குழந்தைக்குக் காவல் வேண்டுவதே முதற்கடமை என்பது அவ்விலக்கியத்தின் முறை. இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் காலத்தால் முந்தியதான குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழைப் பாடிய ஒட்டக்கூத்தர், நெசவுத்தொழில் மரபினரான செங்குந்தர் தம்மவர் என்று பெருமையோடு போற்றும் புலவர் என்பது இவ்வூர்க்கு உவகை தரும் செய்தி. வீரமாமுனிவரும் தம் தேம்பாவணியின் 3,615 பாடல்களுக்குத் தலைவனாக அரசன் ஒருவனைக் கொள்ளவில்லை. குழந்தைக்குக் காவலாய் நின்ற தச்சர் சூசையப்பரையே 'வளன்' எனப் பெயரிட்டுக் காப்பியத் தலைவராக்கினார்.

இனிப் பட்டுக்கு வருவோம். நெசவுத்திறனை விவிலியம் தாழ்வாகக் கருதவில்லை. யாத்திராகமம் முப்பத்தைந்தாம் அதிகாரம், நெய்வோரின் கைத்திறனை இறைவன் நிறைத்தளித்த ஞானமாகப் போற்றுகிறது. எசேக்கியேல் காட்டிய அக்குழந்தையும் இறைவனால் காக்கப்பட்டு வளர்ந்தபின், மரபான மொழிபெயர்ப்புகளின்படி, பட்டு உடுத்தப்படுகிறது. அங்கு இரக்கம் முந்துகிறது, பட்டு பிந்துகிறது.

புதிய ஏற்பாட்டிலோ பட்டு ஒரேயோர் இடத்தில்தான் வருகிறது. வெளிப்படுத்தின விசேஷம் பதினெட்டாம் அதிகாரத்தில், வீழ்ந்த பாபிலோனின் வணிகர்கள் இனித் தம் சரக்குகளை வாங்குவாரில்லையே என்று புலம்புகின்றனர். அச்சரக்குப் பட்டியல் பொன்னில் தொடங்குகிறது. வெள்ளி, முத்து, மெல்லிய துணி, பட்டு என்று நீள்கிறது. இறுதியில் மனித உயிர்களைச் சொல்லி முடிகிறது. விலைமிகு பொருள்களின் வரிசையில் மனிதரும் சரக்காகிவிட்டனர் என்பதே அந்நகர்மீது சாற்றப்படும் குற்றம்.

அப்பட்டியல் பழங்கதை மட்டும் அன்று. கோர்வை முறையில் சேலையின் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்யும்போது, நெய்பவருக்கு அருகே ஒரு துணையாள் தேவைப்படும். தமிழகப் பட்டு நெசவில் அவ்விடத்தில் சிறுவர்களை அமர்த்தும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. பெற்றோர் வாங்கிய முன்பணம் பிள்ளையைத் தறியோடு கட்டியது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது; குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. அதற்குப் பின்னும், 2003இல் ஒரு பன்னாட்டு மனித உரிமை அமைப்பு, பட்டுத் தொழிலில் கடனுக்குப் பிணையான குழந்தைகளைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டது. அதில் உத்தரப் பிரதேசம், கர்நாடகம் ஆகியவற்றோடு தமிழகமும் இடம்பெற்றது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் பதினான்கு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு அமர்த்துவதை எல்லாத் தொழில்களிலும் தடை செய்தது. எனினும் பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாயிலைத் திறந்தே வைத்தது.

பழியை நெசவாளி மீது சுமத்திவிடுதல் எளிது. ஆனால் அது நீதியன்று. பிள்ளையின் கையை நாடிய தந்தை, பெரும்பாலும் தானும் முன்பணத்தில் கட்டுண்டவனே. அறுவடை செய்தோரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்னும் யாக்கோபின் எச்சரிக்கை, கூலி கொடுப்பவரை நோக்கியது. சேலையின் விலையைப் பேரம் பேசிக் குறைப்பவருக்கும் அதில் பங்குண்டு. மணவிழாவிற்குப் பட்டு எடுக்கும் கிறித்தவ இல்லங்கள் இதற்கு விலக்கல்ல.

ஆகவே கிறித்து பிறப்புக் காலத்தில் ஆரணி போன்ற ஊர் லூக்காவை வாசிக்கும்போது எழும் கேள்வி ஒன்று உண்டு. துணி சுற்றிய குழந்தையை வணங்குதல் அரிதன்று. குடிலில் பட்டு விரித்து அதனை வைத்தலும் அரிதன்று. துணி நெய்யும் வீட்டின் குழந்தையைத் தமதென்று ஏற்பார் யார் என்பதே அக்கேள்வி. அதன் கையில் நாடா இருக்கிறதா, புத்தகம் இருக்கிறதா என்று பார்த்தல் வேண்டும். அதன் தந்தைக்கு உரிய கூலி உரிய நாளில் சேர்ந்ததா என்று கேட்டல் வேண்டும். இடையர்கள் அடையாளத்தைக் கேட்டதோடு நின்றுவிடவில்லை. எழுந்து சென்று கண்டனர் என்று லூக்கா எழுதியிருக்கிறார்.