வருகைக் கணக்கும் வாசகர் உள்ளமும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்தாண்டுகளாகக் கூடிக் கவிதை படித்தும் திறனாய்ந்தும் வரும் நம் வட்டம், இனித் தன் படைப்புகளை இணையதளத்தில் தொகுத்து வைக்க எண்ணியிருக்கிறது. வைத்தபின் ஒரு வினா எழும்: யார் வந்தார்கள், எதைப் படித்தார்கள், எங்கே திரும்பிப் போனார்கள்? இதற்கு விடை தருவது வருகையாளர் புள்ளிவிவரம். அதை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குப் பயன்படுத்தலாகாது என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். கவியரங்கின் நடுவே கணக்கா என்று சிலர் முகம் சுளிக்கலாம். மாத்திரையும் சீரும் எண்ணிப் பழகிய நமக்குக் கணக்கு அயலானதன்று.

அக்கணக்கு பிறக்கும் விதத்தை முதலில் காண்போம். ஒருவர் ஒரு பக்கத்தைத் திறக்கும்போது அவருடைய உலாவி, தளத்தைத் தாங்கும் வழங்கிக்கு வேண்டுகோள் விடுக்கிறது. வழங்கி ஒவ்வொரு வேண்டுகோளையும் பதிவேட்டில் ஒரு வரியாகக் குறித்துக்கொள்கிறது. எந்த முகவரியிலிருந்து, எந்நேரத்தில், எக்கோப்பு கேட்கப்பட்டது, அது கிடைத்ததா என்பன அவ்வரியில் இருக்கும். முன்பு எப்பக்கத்தில் இருந்து வந்தார் என்பதும் பல வேளைகளில் இருக்கும். இந்தச் செய்தியைத் தாங்கும் ஆங்கிலச் சொல் ஓர் எழுத்துக் குறைந்து பிழையாக எழுதப்பட்டு, 1996இல் வெளியான நெறிமுறை ஆவணத்திலும் அவ்வாறே இடம்பெற்று, இன்றளவும் உலகெங்கும் வழங்கிவருகிறது. மெய்ப்புத் திருத்துவோரின் அருமைக்கு வேறு சான்று வேண்டுமோ!

இணையத்தின் தொடக்க ஆண்டுகளில் ‘ஹிட்’ எண்ணிக்கையைச் சொல்லிப் பெருமை கொள்வோர் பலர். ஒரு பக்கத்தில் பத்துப் படங்கள் இருப்பின், ஒருவர் ஒருமுறை திறந்தாலே பதினொரு வேண்டுகோள்கள் பதிவாகிவிடும். ஓவியம் பெருகினால் வாசகர் பெருகியதாகத் தோன்றும். ஆகவே வேண்டுகோள், பக்கப் பார்வை, வருகையாளர் என்னும் மூன்றையும் வேறுபடுத்தி அறிதல் வேண்டும். நூலகத்தின் ஒரே இணைப்பில் படிக்கும் பலர் ஒருவராகத் தோன்றலாம். கைப்பேசியிலும் கணினியிலும் படிக்கும் ஒருவர் இருவராகத் தோன்றலாம். தேடுபொறிகள் அனுப்பும் நிரல்களும் வாசகரைப் போலவே தடம் பதிக்கின்றன. அவற்றைக் கழிக்காத கணக்கு, காலி நாற்காலிகளையும் சேர்த்து எண்ணிய கூட்டம் போன்றது.

இனி, பயன் தரும் மூன்று செய்திகளைச் சொல்கிறேன்.

முதலாவது, 404 என்னும் எண். கேட்ட பக்கம் இல்லை என்பதற்கு வழங்கி தரும் விடை அது. எவரோ ஒருவர் நண்பருக்குக் கொடுத்த முகவரியை, தளத்தைப் புதுப்பிக்கையில் நாம் மாற்றியிருப்போம். அந்த நண்பர் கவிதையைத் தேடி வந்து வெறும் அறிவிப்பைக் கண்டு திரும்புவார். பதிவேட்டில் 404 பெற்ற முகவரிகளைத் திரட்டி, ஒவ்வொன்றையும் உரிய புதிய பக்கத்திற்கு வழிமாற்றிவிட்டால் அத்தகையோர் நம்மை வந்தடைவர். இதற்குப் பெருஞ்செலவில்லை, பொறுமை ஒன்றே வேண்டும்.

இரண்டாவது, தேடுசொற்கள். வாசகர் எச்சொல்லைத் தேடி வந்தார் என்பது ஒரு காலத்தில் பதிவேட்டிலேயே தெரிந்தது. 2011 அக்டோபரில் கூகுள் தேடல்களை மறையாக்கத் தொடங்கி, 2013இல் அதனை அனைவருக்கும் விரித்தபின் அவ்வழி ஏறக்குறைய அடைபட்டது. இப்போது தள உரிமையாளருக்கெனக் கூகுள் அளிக்கும் ‘சர்ச் கன்சோல்’ வாயிலாக, எச்சொற்களுக்கு நம் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை சொடுக்கப்பட்டது என்பதை அறியலாம். பலமுறை காட்டப்பட்டும் சொடுக்குவார் இல்லையெனில், பக்கத்தின் தலைப்பை நோக்குங்கள். ‘பக்கம் 12’ என்றிருந்தால் யார் திறப்பார்? கவிதையின் பெயரும் கவிஞரின் பெயரும் அங்கே இருக்கட்டும். சுப்பிரமணிய என்றும் சுப்ரமணிய என்றும் நாம் பெயர்களைப் பலவாறு எழுதுகிறோம். தமிழ் விக்கிப்பீடியா இத்தகைய வடிவங்களை வழிமாற்றுகளால் ஒரே கட்டுரைக்குக் கொண்டுசேர்க்கிறது. நம் தளத்தின் தேடல் பெட்டியில் வாசகர் இட்டு விடை பெறாத சொற்களே இவ்வகையில் நமக்கு ஆசான்.

மூன்றாவது, படிக்கும் கருவி. கைப்பேசியில் படிப்போர் எத்தனை பங்கினர் என்பதைக் கணக்கு காட்டும். பெரும்பங்கினர் எனில், கவிதை அக்குறுந்திரையில் எப்படித் தெரிகிறது என்று கவிஞரே பார்த்தல் வேண்டும். நாற்சீர் அடி பாதியில் மடிந்து விழுந்தால் வெண்பாவும் புதுக்கவிதையாகிவிடும்! எழுத்தின் அளவையும் ஓரத்து இடைவெளியையும் சீர்செய்வது யாப்பைக் காக்கும் பணியே.

இவ்வளவும் சொன்ன நான் ஓர் எச்சரிக்கையும் சொல்லக் கடமைப்பட்டவன். இக்கணக்குகள் பெரிதும் வணிகத் தளங்களின் தேவைக்கெனச் செய்யப்பட்டவை. பொருள் வாங்க வந்தவர் ஒரே பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போனால் வணிகர்க்கு இழப்பு. கவிதைக்கு அப்படியா? 2023இல் முடிவுக்கு வந்த பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் முறையில், தனி ஏற்பாடு செய்யாவிடில், ஒரே பக்கத்தைப் படித்துச் சென்றவரின் நேரம் சுழியமாகவே கொள்ளப்பட்டது. ஒரு கவிதையைக் கால்மணி நேரம் திரும்பத் திரும்பப் படித்து, கண் கலங்கி, திரையை மூடியவரும் அக்கணக்கில் வந்தவுடன் ஓடியவரே. அதன்பின் வந்த முறை பத்து நொடிக்கு மேல் தங்கியவரை ஈடுபாடுடையவர் என்கிறது. பத்து நொடியில் ஒரு குறளைப் படிக்கலாம், உணரலாகுமா?

எண்ணிக்கை கூடியதற்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம். விக்கிப்பீடியாக் கட்டுரைகளின் பார்வைக் கணக்கு, 2015 ஜூலை முதலானது, எல்லார்க்கும் திறந்திருக்கிறது. பாரதியார் பிறந்த டிசம்பர் 11ஆம் நாளன்று அவர் பற்றிய கட்டுரையை எத்தனை முறை திறந்தனர், அடுத்த திங்களில் எத்தனை முறை என்று எவரும் ஒப்பிடலாம். அந்த வேறுபாட்டில் நாட்காட்டிக்கு எவ்வளவு பங்கு, எழுத்துக்கு எவ்வளவு பங்கு என்பதை எண்ணிப் பாராமல் கவிதையின் தரத்தை அளக்கப் புகுவது பிழை. ‘அதிகம் படிக்கப்பட்டவை’ என்று முகப்பில் பட்டியலிட்டால், பட்டியலில் இருப்பதாலேயே அவை மேலும் படிக்கப்படும். புதியவரின் முதற்கவிதை அடியில் கிடக்கும். நாளடைவில் எண்ணிக்கை தருவதையே எழுதும் பழக்கம் நமக்குள் வந்துவிடும். இவ்வட்டம் பத்தாண்டு காத்த சுதந்திரம் அன்றே போய்விடும்.

வாசிப்பு ஒருவரின் அந்தரங்கம் என்பதையும் மறத்தலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுக் காப்புச் சட்டம் 2018 மே 25 முதல் நடப்பில் உள்ளது; இந்தியாவிலும் 2023இல் தனிநபர் தரவுக் காப்புச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, பண்பாகவும் நாம் குறைவாகவே சேகரிப்போம். மட்டோமோ போன்ற திறமூல மென்பொருளை நம் வழங்கியிலேயே நிறுவி, முகவரியின் இறுதிப் பகுதியை மறைத்துக் கணக்கிட வழியுண்டு.

எனவே வட்டத்தின் முன் என் வேண்டுகோள் இரண்டு. மூன்று திங்களுக்கு ஒருமுறை, கிடைக்காத பக்கங்கள், விடை பெறாத தேடுசொற்கள், கைப்பேசித் தோற்றம் ஆகிய மூன்றையும் ஒரு குழு பார்த்துச் சீர்செய்யட்டும். கவிஞர்வாரியான எண்ணிக்கையை எவருக்கும், அக்கவிஞருக்கும்கூட, வெளியிட வேண்டா. வாசகர் தடுக்கி விழும் வாயிற்படியைச் செப்பனிடக் கணக்கைக் கேட்போம். உள்ளே அவருக்கு என்ன படைப்பது என்பதை நம் நெஞ்சையும் திங்கள்தோறும் இங்கே நாம் நடத்தும் திறனாய்வையும் கேட்டு முடிவுசெய்வோம்.