அரிய நோயும் ஒரு தாயின் விடாமுயற்சியும்



மருத்துவ உலகம் இன்று ஆயிரக்கணக்கான அரிய நோய்களை அறிந்திருக்கிறது. ஒவ்வொன்றும் மிகச் சிலருக்கே வருவதால், அவற்றின் பெயரைக் கூடப் பலர் கேட்டறியார். ஆனால் அந்நோயுற்ற குழந்தை வளரும் இல்லத்தில் அது நாள்தோறும் உடனிருக்கும் துயரம்.

நார்வே நாட்டில் போர்க்னி எகெலாண்ட் என்னும் தாய் வாழ்ந்தார். அவருடைய மகளும் மகனும் பிறந்தபோது நலமாகவே காணப்பட்டனர். நாளடைவில் அவர்களுக்குப் பேச்சும் அறிவும் வளராமல் நின்றன. குழந்தைகளிடம் வழக்கமில்லாத ஒரு வாடை வீசுவதையும் அத்தாய் உணர்ந்தார். மருத்துவர் பலரை நாடினார். காரணம் சொல்வார் எவரும் இலர். ஆயினும் அவர் ஓயவில்லை.

1934ஆம் ஆண்டில் ஆஸ்லோ நகரில் அஸ்பியோர்ன் ஃபோலிங் என்னும் மருத்துவர் அவருடைய சொல்லுக்குச் செவிசாய்த்தார். குழந்தைகளின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தபோது அது பச்சை நிறம் கொண்டது. அத்தாய் மீண்டும் மீண்டும் கொண்டுவந்து கொடுத்த சிறுநீரை ஆராய்ந்து, அதில் பீனைல்பைருவிக் அமிலம் இருப்பதை அவர் கண்டறிந்தார். இன்று பீனைல்கீட்டோனூரியா எனப்படும் நோய் இவ்வாறே வெளிப்பட்டது.

புரதத்தில் பீனைல்அலனின் என்னும் அமினோ அமிலம் உண்டு. அதனை மாற்றும் நொதி குறைவுற்றால், அது குருதியில் மிகுந்து மூளையைக் கெடுக்கிறது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்தால்தான் இந்நோய் தோன்றும். பெற்றோரோ நலமாகவே இருப்பர். நெருங்கிய உறவில் மணம் செய்வோரிடையே இவ்வாய்ப்பு மிகும். ஆகவே மருமகளைப் பழித்தல் அறியாமை. வினைப்பயன் எனக் கூறி மருத்துவம் தேடாதிருத்தல் அறமாகாது.

1953ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஹார்ஸ்ட் பிக்கெல் என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் பீனைல்அலனின் குறைந்த உணவால் ஒரு சிறுமிக்கு நலம் விளைந்ததை வெளியிட்டனர். அம்மருத்துவத்தைத் தேடும்படி இடைவிடாது வற்புறுத்தியவரும் அச்சிறுமியின் தாயே. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ராபர்ட் கத்ரி, பிறந்த குழந்தையின் குதிகாலில் எடுக்கும் சில துளிக் குருதியைக் கொண்டு நோயறியும் வழியைக் கண்டார். தொடக்கத்திலேயே அறிந்து உணவை அளந்து கொடுத்தால் மூளைக்கேட்டைத் தவிர்க்கலாம். புலால் உண்ணாத இல்லத்திலும் அக்குழந்தைக்குப் பருப்பையும் பாலையும் மருத்துவர் சொல்லும் அளவிலேயே தருதல் வேண்டும். உரிய சிறப்பு ஊட்ட உணவும் தேவைப்படும்.

இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இச்சோதனை செய்யப்படுவதில்லை. பெற்றோரே மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுதல் நன்று. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்கள் கொள்கையில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. அக்கொள்கையின்கீழ் வரும் நோய்களுக்கு, உயர்சிறப்பு மையங்களின் வாயிலாக 50 இலட்சம் ரூபாய் வரை உதவி பெற வழியுண்டு. சென்னை எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை அத்தகைய மையங்களுள் ஒன்று.

போர்க்னியின் குழந்தைகளுக்கு அக்கண்டுபிடிப்பு காலம் கடந்தே வந்தது. பின்னர்ப் பிறந்த எண்ணற்ற குழந்தைகள் அதனால் காக்கப்பட்டனர். ஆதலின், “குழந்தையிடம் ஏதோ மாற்றம் தெரிகிறது” என்று ஒரு தாய் கூறும்போது, “போகப் போகச் சரியாகிவிடும்” என்று வீட்டுப் பெரியோர் சொல்லி அமையாமல், அன்றே அவளுடன் மருத்துவமனைக்குப் புறப்படுவாராக. உயிர்களிடத்து அன்பு உண்டென்பதற்கு அதுவே சான்று.